குழந்தையின் முதல் 21 நாள்

விடியற்காலையில் பேரிகையிலிருந்து ஓசூர் சிப்காட் பக்கம் போகும் கம்பெனி பஸ்களில் இளம் பெண்கள் நிறையப் பேர். முதல் குழந்தையை மாமியாரிடமோ அம்மாவிடமோ விட்டுவிட்டு ஷிப்டுக்குப் போகிறவர்கள், வயிற்றில் இரண்டாவதைச் சுமந்துகொண்டு போகிறவர்கள். இப்படி ஒரு பெண்ணுக்குக் கரு ஒரு தடவை கலைந்துவிட்டால், அடுத்த முறை உண்டாகும்போது பெரும்பாலும் கருவைத் தாக்கும் தொற்றுகளைத் தேடும் 'டார்ச் டெஸ்ட்' எழுதிக் கொடுக்கிறார்கள். ரிப்போர்ட்டில் 'சி.எம்.வி. ஐஜிஜி பாசிட்டிவ்' என்று ஒரு வரி வந்திருக்கும். அதைப் படித்ததும் வீடே கலங்கிப்போகும். என்ன நோய், யாரிடமிருந்து வந்தது, குழந்தைக்கு என்ன ஆகும் என்று ஆளுக்கு ஒன்று கேட்பார்கள். கடைசியில் எல்லாக் கேள்வியும் அந்தப் பெண்ணின் தலையில்தான் வந்து விழும்.

அந்த வரி சொல்வது மிகச் சிறிய செய்தி. சைட்டோமெகாலோ வைரஸ் என்ற கிருமி எப்போதோ, அநேகமாக அவள் பால் குடிக்கும் வயதில் இருந்தபோதே, உடலுக்குள் வந்திருக்கிறது. அதற்கு எதிரான பிறபொருளெதிரி ரத்தத்தில் இருக்கிறது. அவ்வளவுதான். இந்தியாவில் பிள்ளை பெறும் வயதுப் பெண்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கும் மேல் சோதித்தால் இதே விடைதான் வரும். கலைந்துபோன கருவுக்கு இந்த ஒரு வரியைக் காரணம் காட்ட எந்த நியாயமும் கிடையாது.

அதற்காக இந்த வைரஸ் சாதுவானது என்று நினைத்துவிடக் கூடாது. தாயிடமிருந்து கருவுக்குப் போகும் வைரஸ்களில் உலகிலேயே அதிகம் பரவுவது இதுதான். பிறவியிலேயே வரும் காதுகேளாமைக்கு மரபணுவுக்கு அடுத்தபடியான பெரிய காரணமும் இதுதான். தாயின் பழைய ரத்த ரிப்போர்ட்டைத் துருவித் துருவிப் பார்க்கிறோம். விடை இருக்கும் இடமோ பிறந்த குழந்தையின் எச்சிலும் சிறுநீரும். அங்கேயும் அது தெளிவாகத் தெரிவது முதல் மூன்று வாரத்தில் மட்டும்.

இந்தக் கிருமியின் தடம் முதலில் கண்ணில் பட்டது 1881இல். ஜெர்மனியைச் சேர்ந்த ஹ்யூகோ ரிபர்ட், இறந்து பிறந்த ஒரு குழந்தையின் சிறுநீரகத்தை நுண்ணோக்கியில் பார்த்தார். சில செல்கள் வழக்கத்துக்கு மீறி ஊதியிருந்தன. நடுவில் கருத்த உருண்டை, அதைச் சுற்றி வெளிறிய வளையம். பின்னால் வந்தவர்கள் இதற்கு 'ஆந்தைக் கண்' என்று பெயரிட்டார்கள். 1904இல் இதே போன்ற செல்களைக் கண்ட வேறு சிலர், அவை ஒருசெல் ஒட்டுண்ணிகள் என்றே நம்பினார்கள். வேறு காரணங்களால் இறந்த குழந்தைகளின் உமிழ்நீர்ச் சுரப்பிகளிலும் இவை தென்பட்டதால், 'உமிழ்நீர்ச் சுரப்பி வைரஸ்' என்ற பெயரும் வெகுகாலம் வழங்கியது. எச்சிலில்தான் இதன் வாசம் என்பதற்கான துப்பு அப்போதே கைக்குக் கிடைத்திருந்தது என்று இன்று சொல்லலாம்.

வைரஸைத் தனியாகப் பிரித்து வளர்க்க 1950களின் நடுப்பகுதி வரை காத்திருக்க வேண்டியிருந்தது. செயின்ட் லூயிஸ் நகரில் மார்கரெட் ஸ்மித், எலிகளின் இதே வகை வைரஸை முதலில் வளர்த்தார். பிறகு மனித வைரஸையும் வளர்த்துவிட்டுக் கட்டுரை அனுப்பினார். இது எலி வைரஸ் கலந்துவிட்டதால் வந்த விளைவாக இருக்கலாம் என்ற சந்தேகத்தில் அது திருப்பி அனுப்பப்பட்டது. அவர் மறுபடி தொடங்கி நிறுவிக் காட்டினார். ஏறத்தாழ அதே காலத்தில் வாலஸ் ரோவும் தாமஸ் வெல்லரும் தனித்தனியாக இதே இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். போலியோ வைரஸை ஆய்வுக்கூடத்தில் வளர்த்ததற்காக 1954இல் நோபல் பரிசு பெற்றவர் வெல்லர். இன்றைய பெயர் 1960இல் அவர் வைத்ததுதான். மூவரில் எனக்கு மிக உயர்ந்தவராகத் தெரிவது ஸ்மித். திருப்பி அனுப்பப்பட்ட வேலையை முதலிலிருந்து செய்து காட்டுவதற்குத் தனி உறுதி வேண்டும்.

சைட்டோமெகாலோ வைரஸின் மரபுத்தொகுதி சுமார் 2,35,000 எழுத்துகள் கொண்டது. எச்.ஐ.வி.யின் மரபுத்தொகுதி பத்தாயிரம் எழுத்துகளைக்கூடத் தொடாது. மனிதரைத் தொற்றும் ஹெர்பிஸ் குடும்பத்தில் இதுவே மிகப் பெரியது. இந்த எழுத்துகளில் கணிசமான பகுதி ஒரே காரியத்துக்காக இருக்கிறது: நம் நோய் எதிர்ப்பு மண்டலத்தின் பார்வையில் படாமல் இருப்பது. நம் ஒவ்வொரு செல்லும் தனக்குள் தயாராகும் புரதங்களின் துணுக்குகளை வெளிச்சுவரில் ஏந்திக் காட்டிக்கொண்டே இருக்கிறது. ரோந்து வரும் டி செல்கள் அவற்றைத் தடவிப் பார்க்கும். அந்நியத் துணுக்கு ஏதாவது தட்டுப்பட்டால் அந்தச் செல்லையே அழித்துவிடும். இந்த வைரஸ் அந்த ஏந்திக் காட்டும் மூலக்கூறுகளை உள்ளே இழுத்துச் சிதைத்துவிடுகிறது. ஆனால் சுவரில் எதுவுமே காட்டாத செல்களைத் தேடிப் பிடித்துக் கொல்வதற்கென்றே நம்மிடம் இன்னொரு படை உண்டு. இயற்கைக் கொல்லி செல்கள் என்று பெயர். வைரஸ் அதற்கும் ஒரு வழி வைத்திருக்கிறது. யு.எல்.18 என்ற போலிப் புரதத்தைச் செய்து சுவரில் நிறுத்துகிறது. சோளக்கொல்லை பொம்மையைப் பார்த்துக் காவல்காரன் நிற்கிறான் என்று பறவை விலகிப் போவது போல, கொல்லி செல்லும் விலகிப் போய்விடுகிறது.

இப்படித் தப்பிய வைரஸ், எலும்பு மஜ்ஜையில் இருக்கும் ரத்த மூலச் செல்களில் உறங்கிக் கிடக்கும். ஒருமுறை வந்துவிட்டால் ஆயுளுக்கும் போகாது. உடலும் சும்மா இருப்பதில்லை. தொற்றுள்ள ஒருவரின் நினைவு டி செல்களில் சராசரியாகப் பத்தில் ஒரு பங்கு இந்த ஒரே வைரஸைக் கண்காணிக்கத்தான் இருக்கிறது. ஒரே ஒரு கிருமிக்காக உடல் இவ்வளவு பெரிய படையை ஒதுக்கி வைத்திருக்கிறது என்பதை நினைக்கும்போதெல்லாம் மலைப்பாக இருக்கிறது. நமக்கும் அதற்கும் இடையிலான இந்தப் பழக்கம் மனித இனத்தைவிடப் பழையது. எலிக்கு எலியின் வகை, குரங்குக்குக் குரங்கின் வகை என்று ஒவ்வோர் உயிரினத்தோடும் அதற்கென ஒரு வகை வளர்ந்து வந்திருக்கிறது. மனித வைரஸ் எலியைத் தொற்றாது என்பதால், அதை நேரடியாக விலங்கில் வைத்துச் சோதிக்கவும் வழியில்லை.

திடகாத்திரமானவர்களுக்கு இந்தத் தொற்று வந்ததே தெரியாது. லேசான காய்ச்சல், இரண்டு நாள் அசதி, அதோடு சரி. எச்சில், சிறுநீர், தாய்ப்பால், உடலுறவு, ரத்தம், மாற்று உறுப்பு என எல்லா வழியிலும் பரவும். இவற்றில் அன்றாடம் நடப்பது சிறு குழந்தைகள் வழியாகப் பரவுவதுதான். ஒன்று, இரண்டு, மூன்று வயதுப் பிள்ளைகள் தொற்று வந்தபின் மாதக்கணக்கில், சிலர் ஆண்டுக்கணக்கில், எச்சிலிலும் சிறுநீரிலும் வைரஸை வெளியேற்றிக்கொண்டே இருப்பார்கள். பிள்ளைகளோ நன்றாக ஓடியாடி விளையாடிக்கொண்டிருக்கும். பார்த்தால் ஒன்றும் தெரியாது. பிள்ளை மிச்சம் வைத்த சோற்றைத் தாய் தின்பதும், கடித்துக் கொடுத்த பழத்தை வாங்கித் தின்பதும் நம் வீடுகளில் பாசம். இந்த வைரஸ் நடமாடும் பாதையும் அதுவேதான். எவளும் ஒழுக்கம் தவறியதால் இது வந்துவிடவில்லை.

கர்ப்பத்தில் என்ன நடக்கிறது? நஞ்சுக்கொடி எளிதில் ஊடுருவ முடியாத வேலி. தாயின் ரத்தமும் குழந்தையின் ரத்தமும் அங்கே கலப்பதில்லை. ஆனாலும் தாயின் பிறபொருளெதிரிகளை அள்ளிக் குழந்தையிடம் சேர்க்க அங்கே ஓர் ஏற்பாடு உண்டு. பிறந்த குழந்தையை முதல் சில மாதங்கள் காப்பாற்றுவதே அந்தச் சீதனம்தான். பிறபொருளெதிரி முழுமையாக முடக்காத வைரஸ், அதனோடு ஒட்டிக்கொண்டு அதே ஏற்பாட்டின் வழியே நஞ்சுக்கொடித் திசுவுக்குள் நுழைய முடியும் என்று ஆய்வுக்கூடச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. அங்கே பெருகிய பிறகு கருவை எட்டுகிறது. கர்ப்பத்தின் பிற்பகுதியில் வைரஸ் கடந்து போகும் வாய்ப்பு அதிகம், சேதம் குறைவு. முதல் மூன்று மாதத்தில் கடந்து போகும் வாய்ப்பு குறைவு. ஆனால் மூளையின் நரம்புச் செல்கள் பிறந்து தத்தம் இடத்துக்கு நகரும் காலம் அது என்பதால், அப்போது போனால் சேதம் பெரிது.

நம் நாட்டுக்கே உரிய முரண் ஒன்று இங்கே இருக்கிறது. இதற்குமுன் தொற்றே இல்லாத பெண்ணுக்குக் கர்ப்ப காலத்தில் முதல்முறையாக வந்தால், கருவுக்குப் போகும் வாய்ப்பு நூற்றுக்கு முப்பது, நாற்பது. ஏற்கெனவே தொற்று இருந்தவளுக்கோ அது ஏறத்தாழ ஒன்றுதான். அப்படியானால் எல்லோருக்கும் சின்ன வயதிலேயே வந்துவிடும் இந்தியாவில் பாதிப்பு குறைவாகத்தானே இருக்க வேண்டும்? கணக்குப் போட்டால் வேறு மாதிரி வருகிறது. ஆயிரம் கர்ப்பிணிகளில் 980 பேர் பழைய தொற்று உள்ளவர்கள், 20 பேர் இல்லாதவர்கள் என்று வைத்துக்கொள்வோம். அந்த இருபதில் பாதிப் பேருக்குக் கர்ப்பத்தில் புதிதாக வந்தாலும், பிள்ளைக்குப் போவது நான்கு. மீதி 980 பேரிடமிருந்து நூற்றுக்கு ஒன்று வீதம் போனாலே பத்து. 2008இல் டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்களும் அமெரிக்காவின் அலபாமா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சுரேஷ் பொப்பனா குழுவும் சேர்ந்து, ஏறக்குறைய எல்லாத் தாய்மாருக்கும் பழைய தொற்று இருந்த ஒரு வட இந்திய வட்டாரத்தில் பிறந்த குழந்தைகளைச் சோதித்தார்கள். நூற்றுக்கு இரண்டு குழந்தைகளுக்குத் தொற்று இருந்தது. எல்லோருக்கும் தொற்று உள்ள நாடுகளில் பிறவித் தொற்று குறையவில்லை; பணக்கார நாடுகளைவிடக் கூடுதலாகத்தான் இருக்கிறது.

காரணம் இரண்டு. உறங்கிக் கிடக்கும் வைரஸ் கர்ப்பத்தில் விழித்துக்கொள்ளலாம். அல்லது அதே வைரஸின் வேறொரு வகை வெளியிலிருந்து புதிதாக வந்து சேரலாம். கருத்தரிக்கும் முன்பே எதிர்ப்பு இருந்த தாய்மாரும் புதிய வகைக்கு ஆளாகிப் பிள்ளைக்குக் கொடுக்க முடியும் என்று பொப்பனாவின் குழு 2001இல் காட்டியது.

தடுப்பூசி இவ்வளவு தாமதமாவதற்கும் காரணம் இதுதான். ருபெல்லாவை எடுத்துக்கொள்ளுங்கள். கர்ப்பத்தில் வரும் ருபெல்லா குழந்தைக்குக் கண்புரை தரும் என்று சிட்னி கண் மருத்துவர் நார்மன் கிரெக் 1941இல் கண்டார். பிறகு தடுப்பூசி வந்தது. 2017 பிப்ரவரியில் தமிழ்நாடும் கர்நாடகமும் ஒரே நேரத்தில் தட்டம்மை-ருபெல்லா ஊசி இயக்கத்தைத் தொடங்கின. எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பள்ளிகளில் பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். ருபெல்லா ஒருமுறை வந்துபோனால் உடல் அதை மறப்பதில்லை. ஊசி அந்த நினைவை நோயில்லாமல் தருகிறது. சைட்டோமெகாலோ வைரஸுக்கோ இயற்கையான தொற்றே முழுப் பாதுகாப்பு தருவதில்லை. இயற்கை தருவதைவிட மேலான ஒன்றை ஊசி தர வேண்டும். அதற்கான முயற்சி 1970களிலேயே தொடங்கிவிட்டது. மிகுந்த எதிர்பார்ப்போடு நடந்த மாடர்னா நிறுவனத்தின் எம்.ஆர்.என்.ஏ. ஊசிச் சோதனை எதிர்பார்த்த பலனைத் தரவில்லை என்று 2025 அக்டோபரில் அறிவித்தார்கள். இன்று வரை சந்தையில் ஊசி எதுவும் இல்லை.

தொற்றோடு பிறக்கும் குழந்தைகளில் பத்தில் ஒன்றுக்கு மட்டும்தான் பிறக்கும்போதே அடையாளம் தெரியும்: சிறுத்த தலை, நீடிக்கும் மஞ்சள் காமாலை, வீங்கிய கல்லீரலும் மண்ணீரலும், தோலில் சின்னச் சின்ன ரத்தப் புள்ளிகள், எடைக் குறைவு. மற்ற ஒன்பதும் கொழுகொழுவென்று வீட்டுக்குப் போகும். அந்த ஒன்பதில்தான் என் கவலை. அப்படிப் போகும் குழந்தைகளில் நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து பேருக்குக் கேட்கும் திறன் குறைகிறது. சிலருக்குப் பிறந்தபோது நன்றாகக் கேட்டிருக்கும். ஒரு வயதிலோ மூன்று வயதிலோ கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். உள்காதின் நத்தை எலும்புக்குள் இருக்கும் திரவத்தின் வேதிச் சமநிலையைக் காக்கும் திசுவை வைரஸ் தாக்குகிறது. சமநிலை குலையும்போது ஒலியை உணரும் மயிர்ச்செல்கள் மெல்லச் செயலிழக்கின்றன. தமிழ்நாட்டில் ஆண்டுக்கு எட்டு லட்சம் பிரசவம், அதில் நூற்றுக்கு ஒரு குழந்தைக்குத் தொற்று என்றே வைத்துக்கொண்டாலும், அடையாளம் எதுவும் இல்லாமல் வீட்டுக்குப் போய்ப் பிறகு காது மந்தமாகும் குழந்தைகள் மட்டும் ஆண்டுக்கு எழுநூறுக்கு மேல்.

காது கேட்காத பிள்ளை என்றதும் இந்த வட்டாரத்தில் முதலில் எழும் கேள்வி "சொந்தத்துல கட்டினீங்களா?" என்பதுதான். தமிழ்நாட்டில் மணமான பெண்களில் நான்கில் ஒருவருக்கு மேல் உறவுக்குள் திருமணம் செய்தவர்கள். ஓசூர், சூளகிரிப் பக்கம் தமிழ், தெலுங்கு, கன்னடம் எதைப் பேசும் குடும்பமானாலும் அக்கா மகளையும் அத்தை மகளையும் கட்டும் வழக்கம் உண்டு. மரபணுக் காதுகேளாமைக்கு அது உண்மையான காரணம்தான்; அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அந்தப் பதில் கையில் தயாராக இருப்பதால் இரண்டாவது காரணத்தை யாரும் தேடுவதில்லை. தேட நினைக்கும்போது காலம் கடந்துவிடுகிறது.

காலம் கடப்பது எப்படி என்று கொஞ்சம் விளக்க வேண்டும். பழைய தொற்றுள்ள தாய்மார் பெரும்பாலோரின் தாய்ப்பாலிலும் இந்த வைரஸ் வரும். நிறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு அதனால் ஒரு கெடுதலும் இல்லை; அதற்காகப் பாலை நிறுத்தவே கூடாது. ஆனால் பால் வழியே தொற்று வந்த குழந்தையின் சிறுநீரிலும் மூன்று நான்கு வாரத்தில் வைரஸ் தென்படத் தொடங்கும். இரண்டாவது மாதத்தில் சோதித்து 'பாசிட்டிவ்' என்று வந்தால், அது கருவிலேயே வந்ததா, பாலில் வந்ததா என்று பிரித்தறிய முடியாது. பிறந்து 21 நாளுக்குள் எடுத்த எச்சிலிலோ சிறுநீரிலோ பி.சி.ஆர். சோதனையில் வைரஸ் இருந்தால், அது பிறவித் தொற்றுதான். எச்சில் எடுக்கும்போது வாயில் ஒட்டியிருக்கும் பால் குழப்பிவிடும் என்பதால், பால் குடித்து ஒரு மணி நேரமாவது கழித்து எடுத்து, பிறகு சிறுநீரிலும் உறுதி செய்துகொள்வார்கள்.

கனடாவின் ஒன்டாரியோ மாகாணம் 2019 முதல் எல்லாக் குழந்தைகளையும் இதற்காகச் சோதிக்கிறது. அமெரிக்காவில் மினசோட்டா 2023இல் தொடங்கியது. யூட்டா மாநிலம் 2013லேயே எளிமையான ஒரு வழியைச் சட்டமாக்கியது: பிறந்த குழந்தையின் காதுச் சோதனையில் தேறாதவர்களை மட்டும் மூன்று வாரத்துக்குள் இந்த வைரஸுக்காகச் சோதிப்பது. நமக்கு இந்த வழிதான் பொருந்தும் என்று நினைக்கிறேன். குழந்தை தூங்கும்போது காதில் சிறு குமிழை வைத்து ஓ.ஏ.ஈ. பார்க்கும் கருவி நம் அரசு மருத்துவமனைகளுக்குப் புதிதல்ல. அதில் தேறாத குழந்தையை "ஒரு மாதம் கழித்துக் கூட்டிட்டு வாங்கம்மா" என்று அனுப்புவதற்கு முன்னால், கொஞ்சம் சிறுநீரை எடுத்து வைத்துக்கொண்டால் போதும்.

எல்லைப் பகுதியில் இதற்கு இன்னொரு தடை உண்டு. தாய்வீடு மாலூர் பக்கமோ மாஸ்தி பக்கமோ இருந்தால் பிரசவம் கர்நாடகத்தில் நடக்கும். அங்கே தாய்-சேய் பதிவுக்குத் தாயி கார்டு. மூன்றாவது மாதம் பேரிகைக்கு வந்தபின் ஊசி போடுவது இங்குள்ள கிராம சுகாதார செவிலியர். இங்கே வேறு எண், வேறு பதிவு. முதல் மூன்று வாரம் அந்தப் பக்கத்தில், மீதி வாழ்க்கை இந்தப் பக்கத்தில். பிறந்த இடத்தில் காதுச் சோதனை நடந்ததா, என்ன முடிவு வந்தது என்று தெரிய வேண்டுமானால், டிஸ்சார்ஜ் சீட்டில் ஒரு வரி எழுதி வாங்கிக்கொண்டு வருவதே நம்பகமான வழி.

தொற்று தெரிந்தால் செய்வதற்கு ஏதாவது உண்டா? உண்டு. அடையாளங்களோடு பிறந்த குழந்தைகளுக்கு வால்கான்சிக்ளோவிர் மருந்தை முதல் மாதத்துக்குள் தொடங்கி ஆறு மாதம் வாயால் கொடுத்தால், கேட்கும் திறனும் வளர்ச்சியும் ஓரளவு மேம்படுவதாக 2015இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. ரத்த வெள்ளணுக்களைக் குறைக்கும் மருந்து என்பதால் அடிக்கடி ரத்தம் பார்க்க வேண்டும். எல்லாக் குழந்தைக்கும் கொடுப்பதில்லை. கர்ப்பத்தின் தொடக்கத்தில் புதிதாகத் தொற்று வந்த தாய்க்கு வாலசிக்ளோவிர் கொடுத்துக் கருவுக்குப் போவதைக் குறைக்கலாம் என்று 2020இல் இஸ்ரேல் ஆய்வு ஒன்று சொன்னது.

கர்ப்பிணி செய்துகொள்ளக் கூடியது எளியது: பிள்ளையின் சிறுநீர்த் துணியை மாற்றியபின், மூக்கையும் வாயையும் துடைத்துவிட்டபின் சோப்புப் போட்டுக் கை கழுவுவது, பிள்ளையின் தட்டிலும் டம்ளரிலும் பங்கு கேட்காமல் இருப்பது, உதட்டுக்குப் பதில் நெற்றியில் முத்தமிடுவது. இத்தாலியில் முன்பு தொற்றே இல்லாத கர்ப்பிணிகளுக்கு இதைச் சொல்லிக்கொடுத்தபோது புதிய தொற்று நூற்றுக்கு ஏழரையிலிருந்து ஒன்றேகாலுக்கு இறங்கியது. அங்கன்வாடியிலும் கம்பெனி குழந்தைகள் காப்பகத்திலும் வேலை செய்யும் பெண்களுக்கு இதை முதலில் சொல்ல வேண்டும். நாள் முழுக்கச் சின்னப் பிள்ளைகளின் எச்சிலோடும் சிறுநீரோடும் புழங்குகிறவர்கள் அவர்கள்தான்.

பிறவித் தொற்று உறுதியான குழந்தைக்கு, பிறந்தபோது காது நன்றாகக் கேட்டிருந்தாலும், முதல் மூன்று வருடம் ஆறு மாதத்துக்கு ஒருமுறையும், பிறகு ஆறு வயது வரை வருடத்துக்கு ஒருமுறையும் காதைச் சோதிக்க வேண்டும். கிருஷ்ணகிரிக்கு 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டு சேவை மையங்களில் பெரா எனும் செவி நரம்புச் சோதனைக்கு வழி கேட்கலாம். அருகில் பெங்களூரு, கொஞ்சம் தள்ளி மைசூரில் அகில இந்தியப் பேச்சு, செவித்திறன் நிறுவனம். கேட்கும் கருவி போதாத அளவுக்குக் குறைந்துவிட்டால், ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் காக்ளியர் இம்ப்ளான்ட் அறுவைச் சிகிச்சை செய்கிறார்கள். மூளை மொழியைப் பிடித்துக்கொள்வது பெரும்பாலும் முதல் மூன்று நான்கு வயதில். அதனால் இரண்டு வயதில் கண்டுபிடிக்கப்பட்ட குழந்தைக்கும் ஐந்து வயதில் கண்டுபிடிக்கப்பட்ட குழந்தைக்கும் ஒரே கருவியைப் பொருத்தினாலும் பேச்சு ஒரே மாதிரி வருவதில்லை.